சேற்றுக்குக் காற்று அனுப்பும் செடி

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் என்று போய் அங்கிருந்து ஒரகடத்துக்குத் திரும்பும் சாலைகளில் தினமும் ஆயிரக்கணக்கானோர் வேலைக்குப் போய் வருகிறார்கள். கம்பெனி பஸ்ஸின் ஜன்னலில் தெரிவதெல்லாம் மதிற்சுவர், கேட், கன்டெய்னர் லாரி, மறுபடியும் மதிற்சுவர். சாலை கொஞ்சம் மேடேறும் இடங்களில் ஓர் ஏரியோ குட்டையோ கண்ணில் படும். அந்தத் தண்ணீரில் ஆள் உயரத்தைத் தாண்டி, ஒடுங்கிய நீள இலைகளை நட்டமாக நிறுத்திக்கொண்டு ஒரு செடி கூட்டமாக நிற்கும். இலைகளுக்கு நடுவே விரல் பருமனில், ஒரு சாண் நீளத்தில் பழுப்பு நிறக் கதிர்கள் எழுந்திருக்கும். பங்குனி வெயிலில் ஏரியின் மற்ற பக்கமெல்லாம் வெளிறிக் கிடக்க, இந்த இடம் மட்டும் பச்சையாக இருக்கும். அதுதான் சம்பு.

யானைக்கோரை என்பார்கள், சம்பங்கோரை என்பார்கள், பொத்தாம்பொதுவாகக் கோரை என்று சொல்லிவிடுவதும் உண்டு. கோரை வேறு, இது வேறு. கோரையின் தண்டை விரல்களுக்கிடையில் வைத்து உருட்டினால் பெரும்பாலும் மூன்று விளிம்புகள் தட்டுப்படும். பத்தமடைப் பாய் அந்தக் குடும்பத்துச் செடியில் நெய்வது. சம்பு தனிக் குடும்பம். தாவரவியலார் இதன் பேரினத்தை டைஃபா என்கிறார்கள். உலகம் முழுக்க முப்பதுக்கும் மேற்பட்ட இனங்கள். நம் ஏரிகளில் நிற்பது ஒடுங்கிய இலை கொண்ட வகை. பழைய நூல்கள் டைஃபா அங்குஸ்டிஃபோலியா என்று எழுதி வைத்திருப்பதில் பெரும்பகுதி இப்போது டைஃபா டொமிங்கென்சிஸ் என்று அறியப்படுகிறது. யாரும் நடுவதில்லை, யாரும் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. தானாக முளைத்து, சேற்றுக்குள் தண்டைக் கிடத்தி, ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் வாழும் காட்டுச் செடி.

ஊரில் இதற்கு நல்ல பெயர் இல்லை. ஏரியைச் சம்பு மூடிவிட்டது, பாம்பு அடைகிறது, கொசு பெருகுகிறது, வலை வீச முடியவில்லை என்ற புகார்களைக் கரையோரத்து ஊர்களில் கேட்கலாம். புகார்களில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தச் செடி அந்தச் சேற்றுக்குள் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டால், அதை வெறும் களை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓர் இலையை அடியில் பிடித்து இழுத்துப் பாருங்கள். உறைகளுக்கிடையில் வழவழவென்று நிறமில்லாத ஒரு பசை விரலில் ஒட்டும். இலையை பிளேடால் குறுக்கே நறுக்கினால், ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் வளைவு. உள்ளே அநேகமாக எதுவுமே இல்லை. மெல்லிய தடுப்புகளால் பிரிக்கப்பட்ட காற்று அறைகள்தான் வரிசை வரிசையாக இருக்கின்றன. நறுக்கிய இரண்டு துண்டுகளையும் மெதுவாகப் பிரித்தால், அறைகளின் ஊடே நூலாம்படை போலச் சில வெள்ளை இழைகள் நீள்வது தெரியும். இலையின் நீளவாட்டில் அறைகளைக் கடந்து ஓடும் இந்த நார் இழைகளைப் பற்றி ஆலன் விட்ஸ்டம், ராண்டி வேய்ன் என்ற இரு தாவரவியலார் 2014-ல் விரிவாக எழுதினார்கள். தடுப்புகள் அழுத்தத்தைத் தாங்க, இழைகள் இழுப்பைத் தாங்குகின்றன. அப்படித்தான் இரண்டு மூன்று மீட்டர் உயரத்துக்கு, உள்ளே காற்றை மட்டும் வைத்துக்கொண்டு, ஓர் இலை ஒடியாமல் நிற்கிறது என்பது அவர்கள் விளக்கம். போதாதற்கு இலை தன் நீளத்தில் லேசாக முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் முழு அகலத்தையும் காட்டாமல் நழுவிவிட அந்த முறுக்கு உதவுகிறது. புயல் கடந்த மறுநாள் வேப்ப மரக் கிளைகள் சாலையில் கிடக்கும். ஏரிக்குள் சம்பு நின்றுகொண்டிருக்கும்.

அத்தனை வெற்றிடம் எதற்கு? எடை குறைக்க மட்டுமல்ல. இதைப் புரிந்துகொள்ள ஏரிச் சேற்றுக்குள் இறங்க வேண்டும்.

தண்ணீரில் மூழ்கிய மண்ணில் ஆக்சிஜன் கிடையாது. தண்ணீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு குறைவு. மேலிருந்து கசிந்து வரும் கொஞ்சத்தையும் பாக்டீரியாக்கள் முதல் சில மில்லிமீட்டரிலேயே தின்று தீர்த்துவிடும். அதற்குக் கீழே இருப்பது கறுத்த, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் சேறு. வேரும் உயிர்தான், அதற்கும் மூச்சு வேண்டும். வயலில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டினால் மிளகாய்ச் செடி வாடிச் சாவது இதனால்தான். சம்பின் மட்டநிலத் தண்டோ அந்தச் சேற்றிலேயே குடியிருந்து, அங்கேயே மாவைச் சேமித்து, அங்கிருந்தே பக்கவாட்டில் புதுக் கன்றுகளை அனுப்புகிறது. அதற்கு மூச்சு மேலே இருக்கும் இலையிலிருந்து போகிறது.

குழாய் போல வெற்றிடம் இருந்தால் காற்று தானாகக் கசிந்து இறங்கும் என்று முதலில் தோன்றும். இரண்டு மீட்டர் இலை, அதற்குக் கீழே பல அடிக்குப் படர்ந்த தண்டு என்றால் அந்தக் கசிவு எந்த மூலைக்கும் போதாது. 1980-ல் ஜான் டேசி என்ற அமெரிக்க ஆய்வாளர் குளத்து மஞ்சள் அல்லி ஒன்றில் விசித்திரமான ஒன்றைக் கண்டு எழுதினார். இளம் இலைகளுக்குள் காற்றழுத்தம் வெளியே இருப்பதைவிடச் சற்று அதிகமாக இருந்தது. அந்த அழுத்தம் காற்றைக் காம்பு வழியாகச் சேற்றுக்குள் இருக்கும் தண்டுக்குத் தள்ளியது. அங்கிருந்து அது பழைய இலைகளின் காம்பு வழியாக மேலேறி வெளியே போனது. செடிக்குள் ஒரு காற்று வீசிக்கொண்டிருந்தது. தாமரையிலும் இப்படி உண்டு. 1992-ல் ஹான்ஸ் பிரிக்ஸ் முதலானோர் நீரில் எழுந்து நிற்கும் பல செடிகளைச் சோதித்தபோது, டைஃபா டொமிங்கென்சிஸ், அதாவது நம் சம்பு, நன்றாக அழுத்தம் கட்டும் செடிகளில் ஒன்றாக இருந்தது.

இதயமோ நுரையீரலோ இல்லாத இலை எப்படி அழுத்தம் கட்டுகிறது? இலைக்குள் செல் சுவர்கள் எப்போதும் ஈரமாக இருப்பதால் உள்ளே இருக்கும் காற்றில் நீராவி நிறைந்திருக்கிறது. நீராவி பிடித்த இடம் போக, அங்கே நைட்ரஜனும் ஆக்சிஜனும் வெளிக்காற்றில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவு. குறைந்த இடத்துக்கு அவை வெளியிலிருந்து மூலக்கூறு மூலக்கூறாகப் புகுகின்றன. புகும் வழிகள் மிக மிக நுண்ணியவை. குறுகிய சந்துக்குள் ஆட்கள் ஒவ்வொருவராக நுழைந்துவிடலாம், ஆனால் அதே சந்து வழியாகத் தேர் வெளியே வராது இல்லையா? அதுபோலத் தனித்தனி மூலக்கூறுகள் உள்ளே வந்துகொண்டே இருக்க, மொத்தக் காற்றாகத் திரண்டு வெளியே வழிய முடிவதில்லை. உள்ளே ஈரச் சுவர்கள் நீராவியை விடாமல் நிரப்புகின்றன. அழுத்தம் ஏறுகிறது. திறந்திருக்கும் ஒரே வழி கீழே, சேற்றை நோக்கி. அங்கே போய், பழைய இலைகள், காய்ந்து நிற்கும் போன வருஷத்துக் கட்டைகள் வழியாக வெளியேறுகிறது.

வெளிக்காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ, வெயில் எவ்வளவு அடிக்கிறதோ, அவ்வளவுக்கு இந்த ஓட்டம் வேகம் பிடிக்கும். நாம் கதவைச் சாத்திக்கொண்டு ஃபேனைக் கூட்டி வைக்கும் சித்திரை மதியத்தில் சம்பின் மூச்சு மும்முரமாக நடக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. சேற்றில் அழுகும் பொருள்களிலிருந்து வரும் கரியமில வாயு இரவில் அந்தக் காற்று அறைகளில் தேங்குகிறது. காலையில் இலைக்குள் அது வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அடர்த்தியாக இருப்பதை அமெரிக்காவில் அளந்திருக்கிறார்கள். வெயில் ஏறியதும் இலை அதை எடுத்து மாவாக்கிக்கொள்கிறது. சேற்றுக்கு ஆக்சிஜன் கொடுத்து, சேற்றிடமிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

செடியை வேரோடு பிடுங்கினால் இதன் அடையாளத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம். கறுத்த சேற்றுக்குள்ளிருந்து வரும் வேர்களில் பல செம்மஞ்சளாக, துருப்பிடித்த கம்பி நிறத்தில் இருக்கும். அது உண்மையிலேயே துருதான். வேரிலிருந்து கொஞ்சம் ஆக்சிஜன் சேற்றுக்குள் கசிகிறது. சேற்றில் கரைந்திருக்கும் இரும்பு அதில் பட்டவுடன் துருவாகி வேரின் மேல் படிகிறது. அந்தத் துருப் படலத்தில் வேறு சில உலோகங்களும் பாஸ்பரஸும் ஒட்டிக்கொள்கின்றன.

வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனில் ஆக்சிஜன் உள்ள மண், அதைத் தாண்டினால் ஆக்சிஜனே இல்லாத மண். இந்த எல்லைக்கோடுதான் ஏரியின் சுத்திகரிப்பு நிலையம். கழிவுநீரில் வரும் அம்மோனியாவை ஆக்சிஜன் உள்ள பக்கத்து பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட் கோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போனதும், ஆக்சிஜன் இல்லாமல் வாழப் பழகிய வேறு பாக்டீரியாக்கள் அதை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகின்றன. ஒரு செடியின் ஆயிரக்கணக்கான வேர் நுனிகளும் இப்படி ஆளுக்கொரு எல்லைக்கோடு போட்டு வைத்திருக்கின்றன. 1950-களில் ஜெர்மனியில் பிளோன் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தில் காதே சைடல் என்ற பெண் விஞ்ஞானி, நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்தம் செய்யலாம் என்று சோதித்துக் காட்டத் தொடங்கினார். இன்று உலகெங்கும் உள்ள செயற்கைச் சதுப்புச் சுத்திகரிப்பு முறைகளுக்கு அவர் வேலைதான் தொடக்கம். அவற்றில் அதிகம் நடப்படும் செடிகளில் சம்பும் ஒன்று. ஹைதராபாத்தின் நெக்னாம்பூர் ஏரியில் 2018-ல் விடப்பட்ட மிதக்கும் தீவில் வெட்டிவேரோடு சம்பும் இருந்தது.

உலோகக் கழிவையும் இந்தச் செடி தாங்குகிறது. அமெரிக்காவில் துத்தநாக உருக்காலை ஒன்றின் அருகே, மண்ணில் துத்தநாகமும் காட்மியமும் மண்டிய இடத்தில் வளர்ந்த சம்பையும், சுத்தமான இடத்துச் சம்பையும் 1974-ல் ஒப்பிட்டார்கள். பொதுவாகப் பல தலைமுறைகளாக விஷ மண்ணில் வாழ்ந்த செடிதான் அதைத் தாங்கப் பழகியிருக்கும். சம்பில் அந்த வித்தியாசமே தெரியவில்லை. உருக்காலையையே பார்த்திராத செடியும் அதே அளவு தாங்கியது. உலோகத்தில் பெரும்பகுதியை அது வேரிலும் மட்டநிலத் தண்டிலும் நிறுத்திவைத்து, இலைக்குக் கொஞ்சமாகவே அனுப்புகிறது.

இனி அந்தப் பழுப்புக் கதிர். அது ஒரு பூ அல்ல, ஆயிரமாயிரம் பூக்கள். பூக்கும் காலத்தில் கதிரின் மேல் பாதி ஆண், கீழ்ப் பாதி பெண். நம் ஊர் வகையில் இரண்டுக்கும் நடுவே விரற்கடை அளவு வெறும் காம்பு தெரியும். பெண் பூக்கள் முதலில் தயாராகின்றன. பக்கத்துச் செடியின் மகரந்தத்தைக் காற்று கொண்டுவந்து சேர்த்த பிறகுதான் தன்னுடைய ஆண் பூக்கள் திறந்து மஞ்சள் தூளை உதிர்க்கின்றன. இதழ் கிடையாது, தேன் கிடையாது, வாசனை கிடையாது. தேனீயை அழைக்க வேண்டிய தேவை இல்லை, காற்று போதும். தூள் தீர்ந்ததும் ஆண் பகுதி உதிர்ந்து வெறும் குச்சியாகிறது. பெண் பகுதி பழுத்துப் பழுப்பாகிறது. நாம் பார்க்கும் கதிர் அதுதான்.

முற்றிய கதிரை விரலால் கொஞ்சம் கீறினால் போதும், கைநிறையப் பஞ்சு பொங்கி வரும். ஒரே கதிரில் லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள் இருக்கலாம். ஒவ்வொரு கனியும் ஒரு மில்லிமீட்டர் அளவுதான், அடியில் மெல்லிய மயிர்க்கற்றை. காய்ந்த காற்றில் மயிர் விரிந்து மைல் கணக்கில் மிதக்கும். தண்ணீரில் விழுந்ததும் கனியின் தோல் வெடித்து விதையை விடுவிக்கிறது. விதை மூழ்கிச் சேற்றில் உட்காருகிறது. அதற்கு முளைக்க வெளிச்சம் வேண்டும், ஈரம் வேண்டும். ஆக்சிஜன் குறைவு? அதுவும் வேண்டும். மற்ற விதைகளுக்கு எமனான ஆக்சிஜன் பஞ்சம் சம்பு விதையை இன்னும் நன்றாக முளைக்க வைக்கிறது. ஆழமான தண்ணீருக்கு அடியில் அது முளைப்பதில்லை. விரற்கடை அளவு தண்ணீர் நிற்கும் சேறு கிடைத்தால் நாற்றங்கால்தான். முளைத்த பின் விதையை நம்பி இருப்பதில்லை. சேற்றுக்குள் தண்டு கிளைத்துக் கிளைத்து ஒரு செடியே ஒரு காடாகிறது. ஏரியின் ஒரு மூலையில் நாம் பார்க்கும் நூற்றுக்கணக்கான கதிர்கள் பல சமயம் ஒரே செடியின் பிள்ளைகள்.

இப்படிப்பட்ட செடி ஏன் எல்லாத் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளவில்லை? நூறாண்டுக்கு முன் நம் ஏரிகளை இது மூடியிருக்கலாமே. விடை தெளிவாகக் கிடைத்த இடம் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலம். அங்கேயும் இருப்பது நம்முடைய டைஃபா டொமிங்கென்சிஸ்தான்; வெளியிலிருந்து வந்ததல்ல, மண்ணுக்குச் சொந்தமானது. ஆனால் அது ஒதுங்கி, அங்கங்கே சிறு கூட்டங்களாகவே இருந்தது. பரப்பை ஆண்டது ரம்பம் போன்ற விளிம்புள்ள ஒரு கோரை இனம். அந்தத் தண்ணீர் பெரும்பாலும் மழைநீர், சத்து மிகவும் குறைவு. குறிப்பாகப் பாஸ்பரஸ், நூறு கோடியில் பத்து பங்குக்கும் கீழே. அந்தப் பட்டினியில் கோரை வாழப் பழகியிருந்தது, சம்பால் முடியவில்லை. வடக்கே சதுப்பைத் திருத்திக் கரும்பு பயிரிட்டார்கள். உரத்தோடு வடிந்த நீர் வந்தது. பாஸ்பரஸ் ஏறிய இடமெல்லாம் கோரை பின்வாங்கி, சம்பு முன்னேறியது. 1988-ல் மத்திய அரசே ஃபுளோரிடா மாநிலத்தின் மீது வழக்குப் போட்டது. 1994-ல் எவர்கிளேட்ஸைக் காக்கச் சட்டம் வந்தது. பாஸ்பரஸ் அளவு நூறு கோடியில் பத்து பங்கைத் தாண்டக் கூடாது என்று பின்னர் வரம்பும் கட்டினார்கள்.

அந்த வரம்புக்குள் தண்ணீரைக் கொண்டுவர அவர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கரும்பு வயலுக்கும் சதுப்புக்கும் நடுவே 50,000 ஏக்கருக்கும் மேல் செயற்கைச் சதுப்புகளை அமைத்து, வடிநீரை அவற்றின் வழியே மெதுவாக ஓட விட்டார்கள். அங்கே பாஸ்பரஸைப் பிடித்து வைக்கும் வேலையைச் செய்யும் முக்கியமான செடிகளில் ஒன்று சம்பு. வேலிக்கு அந்தப் பக்கம் அதைப் படையெடுப்பு என்றார்கள், இந்தப் பக்கம் அதற்கே வேலை கொடுத்தார்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னொரு பாடம். செனகல் ஆற்றின் முகத்துவாரத்துக்கு அருகே 1986-ல் டியாமா அணை கட்டி முடிந்தது. அதுவரை கோடையில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறும். வெள்ளம் வரும், வற்றும். அணை வந்த பிறகு வருஷம் முழுக்க ஒரே மட்டத்தில் நன்னீர் நின்றது. அதே சம்பு ஆற்றங்கரையையும் வாய்க்கால்களையும் அடைத்து, மீனவர்களும் விவசாயிகளும் தண்ணீருக்கு வழி வெட்ட வேண்டிய நிலை வந்தது. ஆக, சத்து மிகுவதும் தண்ணீர் வற்றாமல் நிற்பதும் சேர்ந்தால் சம்புக்குக் கொண்டாட்டம்.

இப்போது தண்டலம் பக்கத்து ஏரிகளைப் பார்ப்போம். பழைய செங்கல்பட்டு ஜில்லாவை ஏரி மாவட்டம் என்றே சொல்வார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக் கால்வாய் வழியே நிரம்பி, கலங்கலில் வழிந்து அடுத்த ஏரிக்குப் போய், மதகு திறந்து நெல்லுக்குப் பாய்ந்து, சித்திரை வைகாசியில் தரை வெடிக்கும் அளவுக்கு வற்றும். வற்றிய தரையில் மாடு மேயும். வண்டல் எடுத்து வயலுக்குப் போடுவார்கள். சம்பின் இளம் கன்றுகளை மாடு மென்றுவிடும், மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்ளும். ஆண்டுதோறும் நடந்த இந்த வற்றல்தான் செடியை ஒரு மூலையில் நிறுத்தி வைத்திருந்தது.

1990-களின் பிற்பாதியிலிருந்து கார் ஆலைகள், பிறகு கைபேசி ஆலைகள், அவற்றுக்கு உதிரிப்பாகம் செய்யும் கம்பெனிகள், அவற்றில் வேலை செய்பவர்களுக்கு விடுதிகள், மனைப்பிரிவுகள் என்று இந்தப் பகுதி மாறியது. ஆயக்கட்டு மனைகளாகிவிட்ட ஊரில் மதகைத் திறக்க ஆள் இல்லை, திறந்தாலும் பாய வயல் இல்லை. மாடும் குறைந்துவிட்டது. தண்ணீர் நிற்கிறது. பாதாளச் சாக்கடை இல்லாத தெருவின் கழிவுநீர் மழைநீர்க் கால்வாயைத் தேடிப்பிடித்து, கோடையிலும் ஏரிக்கு வந்துகொண்டிருக்கிறது. மனிதக் கழிவிலும் சோப்புத் தூளிலும் பாஸ்பரஸ் இருக்கிறது. எவர்கிளேட்ஸும் செனகலும் ஒரே ஏரியில் சேர்ந்துவிட்டன. எந்த மூலையில் சம்பு அடர்ந்து, கரும்பச்சையாக, உயரமாக நிற்கிறதோ அங்கே போய்ப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு குழாயோ கால்வாயோ வந்து சேர்வதைப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், பிள்ளைப்பாக்கம் ஏரிகளின் உபரிநீர் போய்ச் சேருவது செம்பரம்பாக்கம். 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு, சென்னை குடிக்கும் தண்ணீர். மேலே ஒரு குட்டையோரம் சம்பு பிடித்துவைக்கும் ஒவ்வொரு கிராம் கழிவும் அந்தத் தண்ணீருக்குப் போகாத கழிவு.

புகார்கள் பொய்யல்ல என்று முன்பே சொன்னேன். ஏரி முழுக்கச் சம்பு அடைத்தால் திறந்த நீர்ப்பரப்பு போய்விடும், அல்லியும் போகும், காய்ந்த இலை ஆண்டுதோறும் விழுந்து ஏரியின் ஆழத்தைக் குறைக்கும். அதன் காற்றுக் குழாய்கள் வழியே ஆக்சிஜன் இறங்குவது போலவே சேற்றில் உருவாகும் மீத்தேனும் மேலேறி வெளியே வருகிறது. நைட்ரஜனை வாயுவாக்கி அனுப்பிவிடும் ஏரியால் பாஸ்பரஸை அப்படி அனுப்ப முடியாது. அதற்கு வாயு வடிவம் இல்லை. செடி உறிஞ்சியது இலை மக்கும்போது திரும்ப ஏரிக்கே வரும். வெட்டி வெளியே எடுத்தால் மட்டும்தான் அது ஏரியை விட்டுப் போகும்.

அதே சமயம், அந்த அடர்த்திக்குள் குடித்தனம் நடத்துபவர்களும் இருக்கிறார்கள். நீலத் தாழைக்கோழி இளந்தண்டை ஒரு காலால் பிடித்துக்கொண்டு வெள்ளைப் பகுதியை உரித்துத் தின்னும். மஞ்சள் குருகு இரண்டு தண்டுகளை இரண்டு காலால் பற்றி, கழுத்தை நீட்டி மீனுக்காகக் காத்திருக்கும். மார்பில் கீற்றுகள் உள்ள தூக்கணாங்குருவி வகை ஒன்று பனை மரத்தை விட்டுவிட்டு, தண்ணீருக்கு மேல் நிற்கும் சம்பு இலைகளிலேயே கூடு பின்னும்.

மனிதருக்கும் இதற்கும் உள்ள உறவு மிகப் பழையது. இத்தாலியின் பிலான்சினோ என்ற இடத்தில் கிடைத்த, ஏறக்குறைய 30,000 ஆண்டு பழமையான அரைகற்களில் ஒட்டியிருந்த மாவுத் துகள்களை 2010-ல் ஆராய்ந்தபோது அவற்றில் சம்பு மாவும் இருந்தது. நெல்லும் கோதுமையும் பயிராவதற்கு இருபதாயிரம் ஆண்டுகள் முன்னால் மனிதர்கள் சம்பின் தண்டைக் காயவைத்து அரைத்திருக்கிறார்கள். நியூசிலாந்து மாவோரிகள் இதன் மகரந்தத்தில் ரொட்டி சுட்டார்கள். தெற்கு ஈராக்கின் சதுப்பு நிலத்து மக்கள் அதே மஞ்சள் தூளில் இனிப்பு செய்கிறார்கள். காஷ்மீரில் தால் ஏரிச் சம்பு பாயாகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜாவாவிலிருந்து இலவம்பஞ்சு வருவது நின்றபோது, அமெரிக்காவில் உயிர்காப்பு அங்கிகளுக்கு இதன் பஞ்சையும் பயன்படுத்தினார்கள். செனகலில் அடைத்துக்கொண்ட சம்பை வெட்டி அடுப்புக்கரி செய்கிறார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கழிவுநீர் சேரும் ஏரியின் சம்புக் கிழங்கைத் தின்னக் கூடாது. அது எதையெல்லாம் வேரில் பிடித்துவைத்திருக்கிறது என்று மேலே பார்த்தோம்.

ஏரியைத் தூர்வாரும்போது ஜேசிபி இறங்கிச் சம்பை வாரிக் கரையில் போடுவதும், அடுத்த ஆண்டே அது திரும்ப வருவதும் நாம் பார்த்துப் பழகிய காட்சி. காரணம் இரண்டு. சேற்றுக்குள் விட்டுப்போன கைப்பிடி அளவுத் தண்டும் மறுபடி தழைக்கும். கீழே புதைந்து கிடந்த விதைகள் மேலே வந்து, வெளிச்சம் பட்டு, ஆழமில்லாத தண்ணீரில் முளைக்கும். கோடையில் தீ வைப்பதும் பலனில்லை. மேலே எரியும், சேற்றுக்குள் இருக்கும் தண்டுக்குச் சூடு படாது, கருகிய கட்டை வழியாகவே அது மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

அந்த மூச்சுதான் செடியின் பலவீனமும். காய்ந்த கட்டைகள் உட்பட எல்லாவற்றையும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வெட்டி, வெட்டு வாய் தண்ணீரில் மூழ்கியே இருந்தால், காற்று போகும் வழியும் வரும் வழியும் ஒன்றாக அடைபடும். மட்டநிலத் தண்டு சேமித்த மாவை ஆக்சிஜன் இல்லாமல் எரித்துத் தீர்த்துச் செத்துப்போகும். மருந்து தெளிக்க வேண்டாம், மண்ணைக் கிளற வேண்டாம். நம் ஏரிகளுக்கு இதற்கான காலம் பருவமழையே குறித்துக் கொடுக்கிறது: ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் மிகக் கீழே இருக்கும்போது, கூடுகள் காலியா என்று பார்த்து, சேற்று மட்டத்தோடு அறுத்துவிட வேண்டும், ஐப்பசி மழையில் ஏறும் தண்ணீர் வெட்டு வாய்களை மூடிவிடும். கழிவுநீர் நுழையும் வாயில் மட்டும் ஓர் அகலமான பட்டையை அறுக்காமல் விட்டுவைக்கலாம், அங்கே அதற்கு வேலை இருக்கிறது. அறுத்ததைக் கரையிலேயே குவித்தால் முதல் மழையிலேயே அதன் சத்து கரைந்து ஏரிக்குத் திரும்பிவிடும். வண்டியில் ஏற்றிக் கரைக்கு வெளியே கொண்டுபோய், ஆலைக் கழிவு கலக்காத ஏரியாக இருந்தால் உரக்குழியில் போடலாம்; கலக்கும் ஏரியாக இருந்தால் அந்த இலையை முதலில் ஆய்வகத்துக்குக் கொடுத்துச் சோதித்துக்கொள்ள வேண்டும்.